20 அடியில் தவறிய குண்டு: ஜிம் கார்பெட்டும் அவர் தொட்ட துப்பாக்கிகளும்



ஜிம் கார்பெட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? புலி, காடு, உத்தராகண்டில் அவர் பெயரில் இருக்கிற தேசியப் பூங்கா. கொஞ்சம் வாசிக்கிற பழக்கம் உள்ளவங்களா இருந்தா, ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகங்கள். ஆனா இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப்போவது அவர் சுட்டு, குறி தவறிப்போன ஒரு குண்டைப் பற்றி.

வாயைத் திறந்தபடி நிற்கும் ஒரு பெண்புலி. அதற்கும் அவருக்கும் இடையில் வெறும் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர். நம்ம வகுப்பறையின் நீளம்கூட இல்லை. வாயைக் குறிவைத்தார். குண்டு முன்னங்காலில் பட்டது. இந்தியாவிலேயே பேர்பெற்ற குறிகாரர்களில் ஒருவர் இவ்வளவு கிட்டத்தில் எப்படித் தவறினார்? பாதி விடை மனுஷன்கிட்ட, பாதி விடை கருவிகிட்ட. அதைத் தெரிஞ்சுக்க, அவர் வாழ்க்கையை முதலில் இருந்து பார்த்துட்டு வரணும்.

பிளந்த குழலும் பித்தளைக் கம்பியும்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். அப்பா அந்த ஊரின் போஸ்ட்மாஸ்டர். பெரிய குடும்பம், நிறைய பிள்ளைகள். ஜிம் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். குடும்பத்தைத் தாங்கியது அம்மா மேரி ஜேன்தான். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் காலாதுங்கி. அந்தக் காலாதுங்கிக் காடுதான் ஜிம்முக்கு உண்மையான பள்ளிக்கூடம்.

முதலில் கையில் இருந்தது உண்டிவில். பிறகு வில். அதற்குப் பிறகு, பறவைகளைப் பற்றிப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் ஒரு பழைய துப்பாக்கியைக் கொடுத்தார். குழல் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு, கோலால் இடித்து நிரப்பும் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் வலது குழல் பிளந்திருந்தது. யாரோ எப்போதோ மருந்தை அளவுக்கு மீறி அடைத்ததன் விளைவு. கட்டையும் உடைந்து, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. உருப்படியாக இருந்தது இடது குழல் மட்டும்தான்.

நீங்களும் நானும் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தா, ஸ்கிராப்ல போடுன்னு சொல்லிடுவோம். அந்தப் பையனுக்கோ அதுதான் பொக்கிஷம். ஒரு கருவி எங்கே தோற்கும், ஏன் தோற்கும் என்பதை அவன் அந்தப் பிளந்த குழலைத் தினமும் பார்த்தே கற்றிருப்பான். ஒரே ஒரு குழல், ஒரே ஒரு வெடி. அது தவறினால் மறுபடி மருந்து நிரப்ப வேண்டும். அதனால் கிட்டே போகணும், பொறுக்கணும், நிச்சயமானால்தான் சுடணும்.

பிறகு பள்ளி மாணவர் படையில் சேர்ந்தபோது .450 மார்ட்டினி ரைஃபிள் கைக்கு வந்தது. அதை வைத்துத்தான் அவர் தன் முதல் சிறுத்தையைச் சுட்டார்.

வழவழக் குழலும் புரிக் குழலும்

இங்கே கதையை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, கொஞ்சம் மெக்கானிக்கல் பேசிடலாம். இது புரிஞ்சாதான் மேலே நடந்தது புரியும்.

ரைஃபிளின் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் திருகாணி மாதிரி வளைந்து போகும் பள்ளங்கள் தெரியும். அதைப் புரி என்று வைத்துக்கொள்வோம். குண்டு அதில் உரசிப் போகும்போது பம்பரம் மாதிரிச் சுழலும். சுழலும் பம்பரம் சாயாதது போலவே சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாது. நேராகப் போகும்.

ஷாட்கன் என்கிற ரவைத் துப்பாக்கிக்கு உள்ளே புரி கிடையாது. பைப் மாதிரி வழவழ என்றிருக்கும். அது பறவைகளுக்கும் முயலுக்கும் சின்னச் சின்ன ரவைகளைக் கொத்தாக வீசச் செய்யப்பட்டது. 12 போர் என்கிறோமே, அதுக்கு அர்த்தம் தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை போகும் அளவு குழல். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். போரின் எண் கூடக்கூடக் குழல் சின்னதாகும்.

இந்த வழவழக் குழலில் ரவைக்குப் பதிலாக ஒரே பெரிய ஈயக் குண்டைப் போட்டுச் சுட்டால் அதுதான் ஸ்லக். 12 போர் ஸ்லக் பெரும்பாலும் 28 கிராம், ஒரு அவுன்ஸ். கிட்டத்தில் பட்டால் அடி பலமாக இருக்கும். ஆனால் சுழற்சி இல்லை. அப்புறம் எது அதை நேராக வைக்கும்? இறகுப்பந்தை யோசிச்சுப் பாருங்க. தலை கனம், வால் லேசு. எப்படி அடிச்சாலும் தலை முன்னால் திரும்பிடும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898-ல் உருவாக்கிய ஸ்லக்கும், அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931-ல் உருவாக்கிய ஸ்லக்கும் இந்தத் தத்துவத்தில் போகிறவைதான். இதற்கும் முன்பே, 1885-ல் ஃபாஸ்பெரி என்ற ராணுவ அதிகாரி குழலின் நுனியில் மட்டும் சில அங்குலத்துக்குப் புரி போட்டு, ரவையும் குண்டும் இரண்டுமே சுடும் பாரடாக்ஸ் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்களிடம் அது பிரபலம்.

ஆக, வழவழக் குழலில் ஒற்றைக் குண்டு என்பது முடியாத காரியம் இல்லை. துப்பாக்கி, குண்டு, குறிபார்க்கும் அமைப்பு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தணும். பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? அதுக்குத்தான் சம்பாவத்துக்குப் போகணும்.

சம்பாவத், 1907

கார்பெட் அப்போது வங்காள வடமேற்கு ரயில்வேயில், கங்கைக் கரையில் இருக்கும் மோகாமே காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அகலப் பாதை வண்டியில் வரும் சரக்கை இறக்கி, மீட்டர்கேஜ் வண்டிக்கு மாற்றும் ஒப்பந்தம் அவருடையது. விடுமுறையில் மட்டும்தான் மலைக்கு வருவார்.

அந்தச் சமயம் நேபாளத்தில் 200 பேரைக் கொன்ற ஒரு பெண்புலி அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவோனுக்குள் வந்திருந்தது. இங்கே நான்கே வருஷத்தில் மேலும் 200-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றுவிட்டது. அரசாங்கம் பரிசு அறிவித்தது, சிப்பாய்களை அனுப்பியது, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கார்பெட்டைக் கேட்டார்கள். அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். பரிசை ரத்து செய்யணும். மற்ற வேட்டைக்காரர்களையும் சிப்பாய்களையும் திரும்ப அழைக்கணும். பணத்துக்காகச் சுடுகிறவன் என்ற பெயரும் வேண்டாம், தவறுதலாக யாரோ சுட்ட குண்டில் சாகவும் வேண்டாம். இரண்டுமே நியாயமான நிபந்தனைகள்தானே?

சம்பாவத்துக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண்ணைப் புலி தூக்கிச் சென்றது. மறுநாள் அந்த ஊர் தாசில்தார் 298 ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். மலை முகட்டில் வரிசையாக நின்று, சத்தம் எழுப்பிப் புலியைக் கீழே விரட்டுவதுதான் திட்டம். உரிமம் இல்லாத துப்பாக்கிகளையும் கொண்டுவரலாம், இன்றைக்குக் கண்டுகொள்ள மாட்டேன் என்று தாசில்தார் சொல்லிவிட்டார். ஊரில் ஒளித்து வைத்திருந்த பழைய துப்பாக்கிகள் எல்லாம் வெளியே வந்தன.

கார்பெட்டின் கையில் .500 ரைஃபிள். தோட்டாக்கள் மூன்றே மூன்று. இரண்டு முறை சுட வாய்ப்புக் கிடைக்கும், மூன்றாவது அவசரத்துக்கு என்பது அவர் கணக்கு. நம்ம ஊர்ப் பாணியில் சொன்னா, எக்ஸாமுக்கு ஒரே பேனா எடுத்துட்டுப் போற மாதிரி!

எல்லாம் திட்டப்படி நடக்கவில்லை. சைகை கொடுப்பதற்கு முன்பே முகட்டில் இருந்தவர்கள் ஆரவாரத்தைத் தொடங்கிவிட்டார்கள். புலி வெளியே வந்தது. தாசில்தார் தன் துப்பாக்கியின் இரண்டு குழல்களையும் வெடித்தார். புலி திரும்பி ஓடியது. கார்பெட்டும் அதன் பின்னால் ஒரு குண்டை அனுப்பினார், அது வீண். மூன்று வெடிச் சத்தம் கேட்டதும் புலி செத்துவிட்டது என்று நினைத்து மேலே இருந்தவர்கள் மொத்தமாக வெடித்துக் கூச்சலிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு புலி மறுபடி வெளியே வந்தது. மிச்சம் இருந்த இரண்டு குண்டுகளையும் கார்பெட் சுட்டார். இரண்டும் பட்டன. ஆனால் புலி விழவில்லை.

இப்போது ரைஃபிள் காலி. எதிரே காயம்பட்ட புலி.

ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு மேட்டில் ஏறி ஓடினார். தாசில்தார் கையில் இருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். புலி ஒரு பாறை மேல் ஏறி அவரைப் பார்த்து நின்றது. 20 அடி தூரத்தில் துப்பாக்கியைத் தூக்கியபோதுதான் பார்த்தார். குழலுக்கும் அதன் பின்பக்கத்தை அடைக்கும் கட்டைக்கும் நடுவில் முக்கால் பங்கு அரை அங்குல இடைவெளி. கணக்குப் போட்டா 3/8 அங்குலம், கிட்டத்தட்ட 9.5 மில்லிமீட்டர்!

அந்த 9.5 மில்லிமீட்டர்

இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். இன்ஜின் வால்வ் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று அளக்கிறோம். கார் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும்போது உள்ளே உருவாவது பல நூறு பார். அந்த வாயுவை அடைத்துப் பிடிக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நுழையும் சந்து! வாயு பின்பக்கமாகச் சீறினால் சுடுகிறவரின் கண் போய்விடும். தாசில்தார் சற்று முன்பு இரண்டு குழல்களையும் வெடித்தபோது அது சிதறவில்லை. இந்தத் தடவையும் சிதறாது என்ற ஒரே நம்பிக்கையில் கார்பெட் சுட்டார்.

குறிபார்க்க இருந்தது குழல் நுனியில் ஒரு பெரிய உருண்டை மணி மட்டும். பின்னால் எதுவும் கிடையாது. பறவை பறக்கும்போது சட்டென்று ரவையைக் கொத்தாக வீச அது போதும். ஒற்றைக் குண்டை ஒரு புள்ளியில் இறக்க அது போதாது. உள்ளே போட்டிருந்ததோ உருளை வடிவக் குண்டு. போதாததற்கு, கண்ணுக்கு நேரே வெடிக்கக்கூடிய ஒரு கருவியைப் பிடித்திருக்கும்போது யாருடைய தலையும் கொஞ்சம் விலகத்தான் செய்யும். தான் அசைந்திருக்கலாம் என்று கார்பெட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். துப்பாக்கியால் அந்தத் தூரத்துக்குக்கூட நேராக அனுப்ப முடியாமல் போயிருக்கலாம் என்றும் எழுதினார்.

குண்டு வலது முன்னங்காலில் பட்டது. பிறகு அதை அவர் தன் விரல் நகத்தாலேயே பெயர்த்து எடுத்தார். அவ்வளவு மேலோட்டமாகத்தான் இறங்கியிருந்தது. தள்ள வேண்டிய வாயுவில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகவே போயிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நல்லவேளை, முன்பு பட்ட இரண்டு ரைஃபிள் குண்டுகளால் புலி ஏற்கெனவே உயிரை விட்டுக்கொண்டிருந்தது. காலில் பட்ட அந்தத் தட்டலில் முன்பக்கம் சரிந்து விழுந்தது.

அதோடு 436 பேரின் சாவுக் கணக்கு முடிந்தது.

உடைந்த பற்கள்

இந்தக் கட்டுரையில் நீங்க மறக்கக்கூடாத இடம் இதுதான். புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதி இல்லை. கீழ்ப்பல் எலும்பு வரை போயிருந்தது. காரணம், பழைய துப்பாக்கிக் காயம். பல் இல்லாத புலியால் மானைப் பிடிக்க முடியாது. அதனால்தான் மனிதர்களைப் பிடிக்கத் தொடங்கியது என்பது கார்பெட்டின் முடிவு.

யோசிச்சுப் பாருங்க. எவனோ ஒருவன், எப்போதோ, தன் துப்பாக்கியால் முடியாத ஒரு குறிக்கு விசையை அழுத்தினான். குண்டு பட்டது, ஆனால் படவேண்டிய இடத்தில் படவில்லை. அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். அந்த ஒரு குண்டுக்கு விலை 436 உயிர். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்பது இங்கேதான் உறைக்குது.

இது ஒரு தடவை நடந்தது மட்டும் இல்லை. 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையை 1921-லேயே ஓர் இளம் ராணுவ அதிகாரி தொங்குபாலத்தில் வைத்துச் சுட்டார். காலில் காயத்தோடு அது தப்பியது. கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்த 1926 மே மாதம் வரை ஆனது. இடையில் போன உயிர்கள் எத்தனை!

பனார்: வழவழக் குழல் ஜெயித்த இடம்

அப்போ வழவழக் குழல் துப்பாக்கியே மட்டமா? அப்படிச் சொன்னா அது தப்பு. 1910-ல் பனார் பகுதியில் 400 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ஒரு சிறுத்தையைத் தேடிப் போனபோது கார்பெட் தானே விரும்பி எடுத்தது ஷாட்கன்தான். உள்ளே பெரிய ரவைத் தோட்டா.

ஏன்? நிலவில்லாத இருட்டு. ரைஃபிளின் நுணுக்கமான குறியமைப்பு இருட்டில் பயன்படாது. சிறுத்தை வரப்போவதோ மிகக் கிட்டத்தில். அங்கே ஒற்றைக் குண்டைவிடப் பரவிப் போகும் கனமான ரவைகளுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு வெள்ளாட்டைக் கட்டிவிட்டு மரத்தில் உட்கார்ந்தார். முதுகுப்பக்கம் முள் கொம்புகளை மரத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருந்தார். இருட்டில் சிறுத்தை வந்து அந்தக் கொம்புகளைப் பல்லால் பிடித்து இழுத்தது. பிறகு ஆட்டின் மேல் பாய்ந்தபோது சுட்டார். காயம்பட்டது, சாகவில்லை. ஊர்க்காரர்கள் கையில் தீப்பந்தங்களோடு தேடிப் போனபோது நேராகப் பாய்ந்து வந்தது. பந்தம் பிடித்தவர்கள் மிரண்டு, பந்தங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கீழே எரிந்த அந்த வெளிச்சத்தில், பாய்ந்து வந்த சிறுத்தையின் நெஞ்சில் கார்பெட் ரவைகளை இறக்கினார்.

சம்பாவத்தில் தோற்றதும் வழவழக் குழல், பனாரில் காப்பாற்றியதும் வழவழக் குழல். ஒன்று ஆபத்து நேரத்தில் கைக்குக் கிடைத்தது. இன்னொன்று தூரத்தையும் வெளிச்சத்தையும் யோசித்துத் தானே எடுத்துக்கொண்டு போனது.

தேர்வு செய்கிறவர் எதைப் பார்க்கணும்?

இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, வனவிலங்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் மானும் காட்டுப்பன்றியும் சட்டப்படி வேட்டையாடப்படும் நாடுகளில் குட்டையான வழவழக் குழல் துப்பாக்கியும் ஸ்லக்கும் இன்றும் புழக்கத்தில் உண்டு. அமெரிக்காவில் ஜனநெருக்கம் உள்ள சில மாநிலங்களில் மான் வேட்டைக்கு ரைஃபிளை விட்டு ஷாட்கன்னைத்தான் அனுமதித்து வந்தார்கள். காரணம், தவறிய ஸ்லக் ரைஃபிள் குண்டு அளவுக்குத் தொலைதூரம் போகாது.

அங்கே வாங்குகிறவர் பார்ப்பதை எல்லாம் சம்பாவத் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பாருங்க.

முதலில் பூட்டு. குழலை மூடினால் பின்பக்கம் இடைவெளியோ ஆட்டமோ இருக்கக்கூடாது. அடுத்து குழலின் நுனி. பறவை வேட்டைக்காக நுனி ரொம்பக் குறுகியிருக்கும் குழல் ஸ்லக்குக்கு ஏற்றதல்ல. குறுகாமல் நேராகவோ லேசாகக் குறுகியோ இருக்கணும். மூன்றாவது குறியமைப்பு. முன்னால் ஒரு மணி மட்டும் போதாது, பின்னாலும் ஒன்று வேண்டும். நான்காவது நீளம். குட்டைக் குழல் புதரில் மாட்டாது, சட்டென்று திரும்பும். வேகத்தில் பெரிய இழப்பும் இல்லை. ஆனால் சத்தமும் உதையும் கூடும். வெறும் மணியை நம்பிச் சுட்டால் குறிப்பிழையும் கூடும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது, காகிதம். காட்டுக்குப் போகும் முன், கொண்டுபோகப் போகும் அதே தோட்டாவை வைத்து 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் காகிதத்தில் சுட்டுப் பார்க்கணும். குண்டுகள் எந்தத் தூரம் வரை ஓர் உள்ளங்கை அளவுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. அதுக்கு மேல ஒரு அடி தள்ளி நின்னாலும் சுடக்கூடாது. சுட்டால், உடைந்த பல்லோடு ஒரு விலங்கை ஊருக்குள் அனுப்புகிறீர்கள்.

கேமராவைத் தூக்கிய கை

சம்பாவத் புலிக்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட், கார்பெட்டுக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். பணப் பரிசை மறுத்தவர் இதை வாங்கிக்கொண்டார். லேசான, துல்லியமான அந்த ரைஃபிள் பல வருஷம் அவரோடு மலை ஏறியது.

முதல் உலகப் போரில் குமாவோன் ஆட்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்ஸுக்கு அழைத்துப் போனார். இரண்டாம் போரில் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கக் கற்றுக்கொடுத்தார். இதற்கிடையே துப்பாக்கியைவிட சினிமா கேமராவில் அவருக்கு ஆசை கூடிப்போனது. புலிகளைப் படம் பிடித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 1944-ல் அவருடைய முதல் பெரிய புத்தகம் வந்தது. 1947-ல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனார். 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் காலமானார். அந்தப் பூங்காவுக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

நண்பர்களே, நம்மில் யாரும் துப்பாக்கி வாங்கப் போறதில்லை. ஆனா நாளைக்கு ஒரு பிரேக், ஒரு லிஃப்ட், ஒரு பாய்லர், ஒரு மென்பொருள் நம்ம கையெழுத்தோடு வெளியே போகும். இதுவரைக்கும் வெடிக்கலை, அதனால் இனியும் வெடிக்காது என்று நினைத்து அதை அனுப்பலாம். இல்லை, காகிதத்தில் சுட்டுப் பார்த்து எல்லையைத் தெரிஞ்சுக்கிட்டு அனுப்பலாம். கார்பெட்டுக்கு அன்றைக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கு.

அடுத்த லேப் வகுப்பில் ஃபீலர் கேஜைக் கையில் எடுக்கும்போது அந்த 9.5 மில்லிமீட்டரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. அடுத்த இதழில் சந்திப்போம்!